ஏழு கிளிஞ்சல்கள்

புதன்கிழமை காலை முட்டைகள் இரண்டுதான் இருந்தன. செவ்வாய்க்கிழமை மூன்று இருந்தன.

அவள் குனிந்து மறுபடி எண்ணினாள். இரண்டை இரண்டாம் முறை எண்ணுவதில் அர்த்தமில்லை. இருந்தாலும் எண்ணினாள். எண்ணுவது அவளுக்குப் பழக்கம்.

மணலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம். அதில் மணல் நிறத்திலேயே, கறுப்புப் பொட்டுகளோடு முட்டைகள். பள்ளத்தைச் சுற்றி அவள் வட்டமாக வைத்திருந்த ஏழு வெள்ளைக் கிளிஞ்சல்களில் ஒன்றுகூட இல்லை. இதற்கு முன்பும் நாலைந்து நாள் அவை காணாமல் போயிருந்தன. காற்று என்று நினைத்து வேறு ஏழு வைத்திருந்தாள். இன்று பள்ளத்தின் பக்கத்தில் ஷூ தடம் இருந்தது. அடியில் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஷூ. காற்று ஷூ போடாது.

நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் உடைந்த படகு ஒன்று பல மாதமாகக் கிடக்கிறது. அதன் ஓரத்தில் தொப்பிக்காரன் படுத்திருந்தான். தினமும் வருகிறவன். கறுப்புத் தொப்பி, முழங்கை நீளத்துக்கு லென்ஸ். இதுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவன் லென்ஸ் கடலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது.

அவள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் ஸ்லைடு பார்க்கிறவள். இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. கண்ணாடித் துண்டில் தடவி வரும் செல்களை மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஓரத்திலிருந்து ஓரம்வரை, ஒரு வரி விடாமல் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது ஸ்லைடு. ஆயிரம் நல்ல செல்களுக்கு நடுவே கோணலாக ஒன்று தெரிந்தால், அதைச் சுற்றி மைப்பேனாவால் புள்ளிகள் வைப்பாள். டாக்டர் வந்து புள்ளிக்குள் மட்டும் பார்ப்பார். படிவத்தில் 'சந்தேகம்' என்று எழுதுவதோடு அவள் வேலை முடிந்தது. அதற்கு மேல் எழுத அவளுக்கு அதிகாரமில்லை.

"கிட்டத்துலயே பார்த்துப் பார்த்துக் கண்ணு களைச்சுப் போச்சு. தூரத்துல இருக்கிறதைக் கொஞ்சம் பாருங்க" என்றார் கண் டாக்டர்.

தூரத்தில் எதைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு வராது. கேமரா ரிப்பேர் கடையில் யாரோ விற்றுவிட்டுப் போன கேமரா ஒன்று கிடைத்தது. கூடவே ஒரு நீள லென்ஸ்.

"பறவைக்கு வேகம் வேணும்" என்றார் கடைக்காரர். "ஷட்டரை ஆயிரத்துக்குக் கீழ இறக்காதீங்க. கண்ணுல ஃபோகஸ் வைங்க. கண்ணு தெளிவா இருந்தா மத்ததை யாரும் கேக்க மாட்டாங்க. முக்கியமா நின்னுக்கிட்டு எடுக்காதீங்க. படுத்துக்குங்க."

"இந்த வயசுலயா?"

"பறவைக்கு உங்க வயசு தெரியாதும்மா."

படுத்தாள். முதல் மூன்று வாரம் வால் கிடைத்தது, பாதிச் சிறகு கிடைத்தது, பறவை போன பிறகு இருந்த வானம் நிறையக் கிடைத்தது. லென்ஸைத் திருகினால் மணல் நறநறவென்றது. படங்களைப் பார்த்து அவள் கணவர், "கடல் எல்லாம் ஒரு பக்கமா கொட்டிடும் போலிருக்கே" என்றார். தொடுவானம் எல்லாப் படத்திலும் சாய்ந்திருந்தது.

அப்படிப் படுத்திருந்த ஒருநாள்தான் கூட்டைப் பார்த்தாள். குருவியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பறவை. உப்புக்கொத்தி. சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். ஓடி வந்து ஓரிடத்தில் உட்கார்ந்தது. அது எழுந்து போனதும் அவள் போய்ப் பார்த்தாள். மூன்று முட்டைகள்.

மறுநாள் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் காலுக்குக் கீழே என்ன இருக்கிறதோ என்று பயம். அன்றுதான் ஏழு கிளிஞ்சல் பொறுக்கி வட்டமாக வைத்தாள். பார்த்ததைத் தொலைக்காமல் இருக்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

இப்போது கூட்டுக்குள் ஒரு முட்டை குறைந்திருந்தது.

அவள் கணவர் நீதிமன்றத்தில் தட்டச்சர். சாட்சிகள் சொல்வதைக் கேட்டுத் தட்டுகிற வேலை. யார் எதைச் சொன்னாலும் வீட்டிலும் வக்கீல் மாதிரித்தான் கேள்வி கேட்பார்.

"முட்டையை யாரோ எடுக்கிறாங்க" என்றாள்.

"யாரு?"

"தொப்பிக்காரன்."

"பேரு?"

"தெரியாது."

"எடுத்ததைப் பாத்தியா?"

"ஷூ தடம் இருந்துச்சு."

"பீச்சுல ஷூ போட்டு நடக்கிறது குத்தம்னா நானும் உள்ள போகணும். இந்தக் கேஸ் முதல் நாளே தள்ளுபடி."

"அவன் என்னைப் போட்டோ எடுக்கிறான்."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "உன்னையா?"

"ஆமா. ஏன், என்னை எடுக்கக் கூடாதா?"

"எடுக்கலாம். உன் கேமரால எடுத்தா பாதிதானே வருது, அதான் வேற ஆள் வச்சிட்டியோன்னு பாத்தேன்."

அவள் சிரிக்கவில்லை. அவர் உடனே குரலை மாற்றிக்கொண்டார்.

"சரி. நீயும் எடு. ஆதாரம் கொண்டு வா இன்ஸ்பெக்டர்."

வியாழக்கிழமை தொப்பிக்காரன் வரவில்லை. முட்டைகள் இரண்டு. அவள் புதிதாக ஏழு கிளிஞ்சல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை கால் மணி நேரம் முன்னதாகப் போனாள். வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது. அவன் அதற்கு முன்பே வந்திருந்தான். கூட்டின் பக்கத்தில் குனிந்து நின்றான். கை கீழே போயிற்று. மேலே வந்தபோது மூடியிருந்தது. சட்டைப் பைக்குள் போயிற்று. மறுபடி கீழே போயிற்று.

அவள் நின்ற இடத்திலேயே மணலில் படுத்தாள். முழங்கைகளை ஊன்றினாள். ஷட்டரை ஆயிரத்துக்கு மேல் வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு படம்.

பதினொன்றும் தெளிவாக வந்தன. தொப்பியின் விளிம்பில் காய்ந்திருந்த வேர்வையின் உப்புக் கோடுகூடத் தெரிந்தது. தொடுவானம் நேராக இருந்தது. மூன்று வாரமாகப் பறவையிடம் நடுங்கிய கை அவனிடம் நடுங்கவில்லை.

அவன் தன் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டான். அவள் கூட்டுக்குப் போனாள். கிளிஞ்சல்கள் இல்லை. முட்டை ஒன்று.

பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தாள். இப்போதெல்லாம் கிளிஞ்சல்களை அதில் போட்டு வைத்திருந்தாள். ஏழையும் வட்டமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கணவர் படத்தைப் பெரிதாக்கினார். மூடிய கை. விரல் இடுக்கில் வெள்ளையாக ஏதோ.

"முட்டை என்ன நிறம்னு சொன்ன?"

"மணல் நிறம்."

"இது வெள்ளையா இருக்கு."

"வெளிச்சம் பட்டா எல்லாமே வெள்ளையாத்தான் தெரியும்."

"மத்த இடத்துல அப்படித் தெரியலையே." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "உன் ஆபீஸ்ல இப்படி ஒரு ஸ்லைடு வந்தா என்ன எழுதுவ?"

"சந்தேகம்னு எழுதுவேன்."

"எழுதிட்டு?"

"டாக்டர் பார்ப்பாரு."

"இதுக்கு டாக்டர் யாரு?"

பாக்கி ஒரு முட்டை இருந்தது. அவளுக்கு அது மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே போய் மணல் மேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கேமராவை எடுக்கவில்லை. அவன் வந்தான். சுற்றிலும் பார்த்தான். கூட்டை நோக்கிப் போனான். பறவை எழுந்து ஓடியது. அவன் குனிந்தான். அவள் எழுந்து நேராக அவன் முன்னால் போய் நின்றாள். அவளைவிட இருபது வயது சின்னவனாக இருப்பான்.

"கையைத் தொறங்க தம்பி."

அவன் திடுக்கிட்டான். ஆனால் கையைத் திறக்கவில்லை.

"நீங்க முதல்ல உங்க டப்பாவைத் தொறங்க."

"என் டப்பால கிளிஞ்சல் இருக்கு."

"என் கையிலயும் கிளிஞ்சல்தான் இருக்கு."

விரித்துக் காட்டினான். ஏழு.

"அப்ப முட்டை எங்க?"

"அதை நான் உங்ககிட்ட கேக்கணும் மேடம். பதினோரு நாளா பாக்குறேன். தினம் வர்றீங்க. குனியறீங்க. அடையாளம் வச்சிட்டுப் போறீங்க. முட்டை எடுக்கிறவங்கதான் அடையாளம் வைப்பாங்க. ஒருத்தர் வச்சிட்டுப் போவாங்க, பின்னால இன்னொருத்தர் வந்து அள்ளிட்டுப் போவாங்க."

"என்னைப் பாத்தா திருடுறவ மாதிரியா இருக்கு?"

"திருடுறவங்க திருடுறவங்க மாதிரியா இருப்பாங்க? உங்களை மாதிரிதான் இருப்பாங்க."

"வாயைத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டீங்களா?"

அவள் கேட்கவில்லை.

கொஞ்சம் தள்ளி உப்புக்கொத்தி ஒரு சிறகை மணலில் இழுத்துக்கொண்டு நொண்டியது. சிறகு ஒடிந்த மாதிரி விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. தன்னைப் பிடிக்க வரட்டும், கூட்டை விட்டுவிடட்டும் என்று அது போடும் நாடகம். அங்கே இருந்த மூவரில் பொய் சொல்வது நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றைப் பற்றித்தான்.

"முதல்ல இங்கிருந்து நகருங்க" என்றான். "அது உக்காரணும்."

அது அவள் சொல்ல நினைத்தது. அவன் முந்திக்கொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

படகுக்குப் போனார்கள்.

"என்கிட்ட போட்டோ இருக்கு" என்றாள்.

"என்கிட்டயும் இருக்கு."

யாரும் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. கழற்றிக் கொடுத்தால் அழித்துவிடலாம். அதனால் ஒரே கிணற்றை எட்டிப் பார்ப்பவர்கள் போலத் தலையைக் கிட்டத்தில் கொண்டுவந்து, முழங்கால்கள் படாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். முதலில் அவனுடையது. நாற்பது படத்துக்கு மேல். எல்லாவற்றிலும் அவள். குனிந்த முதுகு, நரைத்த கொண்டை, தேய்ந்த ரப்பர் செருப்பு.

"நான் இவ்வளவு கூன் போட்டிருக்கேனா?"

"லென்ஸ் அப்படித்தான் காட்டும்."

அதையும் அவள் நம்பவில்லை.

தன்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். கண் பழகியது அப்படி. மேல் இடது மூலை, அங்கிருந்து வலது, ஒரு வரி கீழே, மறுபடி இடது. மூன்றாவது படத்தில் நிறுத்தினாள். அடுத்ததைப் போடச் சொன்னாள். அதற்கடுத்ததை.

"இது யாரு?"

படகின் மூக்கில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. இடது சிறகில் ஒரு இறகு இல்லை. பல் விழுந்த இடம் மாதிரி சந்து தெரிந்தது.

"காக்கா" என்றான்.

"தெரியுது. எல்லாத்துலயும் இதே காக்கா."

"எல்லாக் காக்காவும் ஒரே மாதிரிதான் மேடம் இருக்கும்."

"எல்லா செல்லும் ஒரே மாதிரின்னு சொல்றவங்களும் இருக்காங்க. எனக்கு அதைப் பிரிக்கிறதுதான் வேலை."

அவள் தன் கேமராவைப் போட்டுக் காட்டினாள். வெள்ளிக்கிழமை. அவன் குனிந்திருந்த பதினோரு படம். ஏழாவதில், அவனுக்கு இருபது தப்படி பின்னால், மணலில் அது நின்றிருந்தது. சிறகில் அதே சந்து. கழுத்தைச் சாய்த்து அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"செவ்வாய்க்கிழமை எடுத்ததைப் போடுங்க" என்றாள்.

போட்டான். அவள் கூட்டை விட்டுத் திரும்பி நடக்கிறாள். அடுத்த படம், இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கிறாள். அடுத்ததிலும் அவள் முதுகுதான் நடுவில், நல்ல தெளிவாக. கீழ் மூலையில், மங்கலாக, வெள்ளைப் புள்ளிகள் ஏழு. வட்டத்துக்குள் கறுப்பாக ஒன்று. தலை குனிந்திருந்தது.

"நான் உங்களைத்தானே பாத்தேன்" என்றான். குரல் இறங்கியிருந்தது. "நீங்க ரோடு ஏறுற வரைக்கும் லென்ஸை எடுக்கல."

அவள் கணக்குப் போட்டாள். அவள் போனால் பறவை எழுந்து ஓடும். அவள் வட்டம் போட்டுவிட்டு வருவாள். பறவை திரும்ப ஐந்து நிமிஷம் ஆகும். காக்காவுக்கு அந்த ஐந்து நிமிஷம் போதும். எங்கே என்று தேட வேண்டியதுகூட இல்லை. டாக்டர் மாதிரி நேராகப் புள்ளிக்குள் பார்த்தால் போதும்.

"நான்தான் காட்டிக் கொடுத்திருக்கேன்" என்றாள்.

"அதை அழிக்கிறேன்னு போய்க் குனிஞ்சு நான் ரெண்டாவது தடவை காட்டிக் கொடுத்திருக்கேன்."

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்கள். முதல் முறையாக இருவருமே அதைப் பார்த்தார்கள்.

"இன்னும் எத்தனை நாள்?" என்றாள்.

"பொரிக்கவா? எட்டு நாள். பத்தாவும் ஆகலாம்."

"இனிமே யாரும் கிட்டப் போகக் கூடாது."

"போகலைன்னாலும் அதுக்கு இடம் தெரியுமே. ஒண்ணு பாக்கி இருக்குன்னும் தெரியும்."

படகின் மூக்கு இப்போது காலியாக இருந்தது. இருவரும் தேடினார்கள். காக்கா பின்னால், கைக்கெட்டாத தூரத்தில் மணலில் நின்று அவர்கள் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் மாத்திரை டப்பாவைத் திறந்தாள்.

"ஸ்லைடு முழுக்கப் புள்ளி வச்சா டாக்டருக்கு எதைப் பாக்கிறதுன்னு தெரியாது" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. செய்து காட்டினாள். கூட்டுக்கு எதிர்ப்பக்கம் நூறு தப்படி போய், வெறும் மணலில் ஏழு கிளிஞ்சலை வட்டமாக வைத்தாள். குனிந்தாள். கையை நீட்டினாள். எண்ணுகிற மாதிரி உதட்டை அசைத்தாள். எழுந்து நடந்தாள். காக்கா இறங்கி வட்டத்துக்குள் போய் இந்தக் கண்ணால் பார்த்தது, அந்தக் கண்ணால் பார்த்தது. அலகால் மணலைக் கிளறியது. ஒன்றுமில்லை.

அன்று முப்பது வட்டம் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிஷம் குனிந்தார்கள். ஓட்டப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்று, "என்ன தொலைஞ்சுச்சு?" என்றார்.

"கம்மல்" என்றாள்.

அவர் தொப்பிக்காரனைப் பார்த்தார்.

"எனக்கும்தாங்க" என்றான் அவன்.

தனியாக யாரும் வரக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள். உதவிக்கு என்று சொல்லிக்கொண்டார்கள். கண்காணிக்க என்று இருவருக்கும் தெரியும். அவன் பஸ் டிரைவர் என்றான். சாயந்திர ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருக்கிறேன், காலையில் வருவதில் சிரமமில்லை என்றான். அவ்வளவு சுலபமாக ஷிஃப்ட் மாற்றிக் கொடுப்பார்களா என்று அவளுக்குத் தோன்றியது. திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அவன் சொன்ன தடத்தில் போய் ஒரு நிறுத்தத்தில் நின்றாள். பஸ் வந்தது. அவன்தான் ஓட்டினான். தொப்பி இல்லை. தலை வழுக்கை. அவள் ஏறவில்லை. பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

"நேத்து ஸ்டாப்புல நின்னீங்க, ஏன் ஏறல?" என்றான் மறுநாள், குனிந்தபடி.

"வேற பஸ்ஸுக்கு நின்னேன்."

"அந்த ஸ்டாப்புல வேற பஸ்ஸே கிடையாதுக்கா."

அவள் கிளிஞ்சல்களை ஒழுங்குபடுத்தினாள்.

"நானும் உங்க ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணேன்" என்றான். "இப்படி ஒருத்தங்க இருக்காங்களான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ரொம்பக் கறார்னு சொன்னாங்க."

வீட்டில் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆக, குற்றவாளிங்க ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்து காக்கா மேல கேஸ் போட்டிருக்கீங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "முட்டை இன்னும் இருக்கா?" என்றார். எட்டு நாளில் அவர் குறுக்கு விசாரணை இல்லாமல் கேட்ட ஒரே கேள்வி அது.

"தெரியாது" என்றாள். "போய்ப் பார்க்கக் கூடாதே."

அதுதான் கஷ்டமாக இருந்தது. எண்ணாமல் இருப்பது. நாற்பது தப்படி தள்ளிப் படுத்து லென்ஸில் பார்த்தால் பறவை உட்கார்ந்திருப்பது தெரியும். முட்டை மேல் உட்கார்ந்திருக்கிறதா, வெறும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா, தெரியாது. ஒவ்வொரு நாளும் மனதுக்குள் 'சந்தேகம்' என்று எழுதிவிட்டு எழுந்தாள்.

காக்கா முதல் நாள் நான்கு வட்டங்களைச் சோதித்தது. இரண்டாம் நாள் பதினொன்று. நாலாம் நாள் இரண்டே இரண்டு. பிறகு படகின் மூக்கில் உட்கார்ந்து, குனிந்து எழும் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஏமாந்துவிட்டதா, காத்திருக்கிறதா என்று அதையும் சொல்ல முடியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை தொப்பிக்காரன் வரவில்லை.

ஐந்தே முக்கால். ஆறு. அவள் ரோட்டைப் பார்த்தாள். மணலைப் பார்த்தாள். ரோட்டிலிருந்து கூட்டுப் பக்கமாக ஒரு ஷூ தடம் போயிருந்தது. கட்டம் கட்டமான அடி. மணல் மேட்டுக்குப் பின்னால் மறைந்தது. நேற்றையதா, இன்று காலை வந்ததா? விளிம்பு கூராக இருந்தது. நேற்று ராத்திரி காற்றில்லை. நேற்றையதாகவும் இருக்கலாம்.

நாற்பது தப்படி போனால் தெரிந்துவிடும். ஒரு தடவை குனிந்தால் போதும். ஒரு தடவை எண்ணினால் போதும்.

படகின் மூக்கில் காக்கா இருந்தது.

அவள் மணலில் படுத்தாள். முழங்கைகளை ஊன்றினாள். உப்புக்கொத்தி உட்கார்ந்திருந்தது. சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால் மெல்ல ஏறியது.

ஆறு இருபதுக்கு அவன் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"பைக் பஞ்சர்க்கா."

"எந்தப் பக்கமா வந்தீங்க?"

"ரோட்டுப் பக்கமா. ஏன்?"

"சும்மா."

அவன் அவள் முழங்கால்களைப் பார்த்தான். மணல் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தான்.

"நீங்க கிட்டப் போகலையே?"

"போகல."

அவன் பக்கத்தில் படுத்தான். இரண்டு லென்ஸும் ஒரே இடத்தைப் பார்த்தன. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பறவை ஒருமுறை பாதி எழுந்தது. வயிற்று இறகுகளை உப்பிக்கொண்டு அப்படியே நின்றது.

அவள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"நாலு" என்றாள்.

"என்ன நாலு?"

"கால். அதுக்கு நாலு கால் இருக்கு."

அவன் பார்த்தான். "குச்சியா இருக்கும்க்கா. காத்துக்கு வந்து ஒதுங்கியிருக்கும்."

"குச்சிக்கு முட்டி இருக்குமா?"

லென்ஸைத் திருகும் சத்தம் மட்டும் கேட்டது.

பறவை எழுந்து நடந்தது. இரண்டு கால்கள் அதோடு போயின. இரண்டு கால்கள் அங்கேயே நின்றன.

தீக்குச்சி மாதிரி கால்கள். மேலே பஞ்சு. மணல் நிறம், கறுப்புப் பொட்டு. ஒரு கண். அவள் ஃபோகஸ் நேராக அந்தக் கண்ணில் விழுந்தது. கண்ணுக்குள் சூரியன் ஊசிமுனை அளவுக்கு இருந்தது. நாலு வாரமாக அவளுக்கு வராதது, கடைக்காரர் சொன்ன அத்தனையும் சேர்ந்து, அந்தக் கட்டத்துக்குள் அசையாமல் நின்றது. விரல் பொத்தானில் இருந்தது.

அப்போது மேலே பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று தெரியவில்லை. ஓரத்தைப் பார்க்கும் பழக்கம்.

காக்கா அந்தக் குஞ்சைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது. அவள் லென்ஸைப் பார்த்தது. பிறகு லென்ஸ் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறதோ அந்தப் பக்கம் கழுத்தை மெல்லத் திருப்பியது.

அவள் லென்ஸை அங்கிருந்து எடுத்தாள்.

"எடுத்தீங்களா?" என்றான்.

"எழுந்திருப்பா."

"ஒரே ஒண்ணுக்கா—"

"எழுந்திரு. உன் லென்ஸை மூடு."

எழுந்தார்கள். கூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடற்கரையின் அந்தக் கோடிக்கு நடந்தார்கள். ஓடவில்லை. ஓடினால் அதற்குச் சந்தேகம் வரும். கடைசி வட்டத்தில் அவள் நின்றாள். அதற்கு முந்தியதில் அவன் நின்றான். அவள் படுத்து, வெறும் மணலைக் கவனமாக ஃபோகஸ் செய்து, வரிசையாக இருபது படம் எடுத்தாள். எழுந்து குனிந்தாள். உதட்டை அசைத்து எண்ணினாள்.

தலைக்கு மேல் சிறகு சத்தம் கேட்டது. காக்கா இருவருக்கும் நடுவே இறங்கியது. தத்தித் தத்தி வந்து கிளிஞ்சல்களைப் பார்த்தது.

அவன் ஷூவின் அடியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. குனிந்தபடியே ஓரக்கண்ணால் திரும்பினாள்.

தொப்பிக்காரனும் குனிந்தபடியே அவள் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.